தலைதட்டிய மரக்கால்

தாட்சாயணி அன்றைக்குச் சித்தூருக்குப் போனது மழை அளவைக் குறித்து வைத்திருந்த பழைய பதிவேடுகளைப் பார்க்க. கலெக்டர் ஆபீஸ் ஆவண அறையில் ஸ்ரீஹரி காகிதக் கட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது மணி பதினொன்று. ஸ்ரீஹரி அங்கே பதினாறு வருஷமாகக் கட்டு எடுத்துக் கொடுக்கிற ஆள். எந்த அலமாரியில் எலி, எந்த அலமாரியில் ஒழுகல் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவனே அன்றைக்குக் கட்டு மாற்றி எடுத்து வந்துவிட்டான். நாடாவை அவிழ்த்துப் பார்த்தால் மழையைக் காணோம். 1926ஆம் வருஷத்து மனுக்கள், பல கைகளில் எழுதியவை, பாதி தெலுங்கு, மீதி தமிழ்.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஸ்ரீஹரி டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வருகிற வரைக்கும் சும்மா உட்காருவானேன் என்று அவள் மேலோட்டமாகப் புரட்டினாள். பத்துப் பன்னிரண்டு தாள் தள்ளி ‘பாலசமுத்திரம்’ என்ற பெயர் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு அவள் தாளைப் புரட்டவில்லை.

அந்தப் பெயர் அவளை ஏன் பிடித்து நிறுத்தியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகம். அதன் நூலகத்துக்குப் பின்பக்க மாடியில் மூன்று அறைகள். அதுதான் பொருளாதார வரலாற்று ஆய்வு மையம். தாட்சாயணி அங்கே ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஆய்வாளர். ஒவ்வொரு மே மாதமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். மையத்தின் தலைவர் பேராசிரியர் ஜெயச்சந்திரன். சித்தூர்த் தமிழர், கறாரான மனுஷர், ஜூனில் ஓய்வு பெறப்போகிறவர். பழைய தமிழ்க் கையெழுத்தையும் தெலுங்குக் கையெழுத்தையும் ஒன்றுபோலப் படிக்கிற ஆள் அந்த மையத்தில் தாட்சாயணி ஒருத்திதான். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம் அவளுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவள்.

இரண்டு பண்ணைகளின் அறுவடைக் கூலிப் பதிவேடுகள் மையத்துக்கு வந்திருந்தன. ஒன்று சித்தூரை அடுத்த புத்தலப்பட்டுப் பக்கத்துப் பண்ணை, தெலுங்கில். இன்னொன்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலசமுத்திரத்துப் பக்கம், தமிழில். அந்த நாளில் அறுப்புக்கு வந்தவர்களுக்கு நெல்லாகத்தான் கூலி. யாருக்கு எந்த நாளில் எத்தனை மரக்கால் அளந்தார்கள் என்று ஐம்பது வருஷத்துக்கு வரிவரியாக இருந்தது. தாட்சாயணி ஐந்து வருஷம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினாள். மூன்று வருஷத்துக்கு முன் அவளும் பேராசிரியரும் சேர்ந்து எழுதிய கட்டுரை நல்ல ஆய்வுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதில் நான்காம் அட்டவணை எல்லோரும் எடுத்துக் காட்டுகிற அட்டவணை ஆனது. எல்லைப் பக்கத்துக் கூலி, சித்தூர்ப் பக்கத்துக் கூலியைவிட நூற்றுக்கு இருபத்திரண்டு குறைவு. ஏன் குறைவு என்பதற்குக் கட்டுரையில் ஒரு வாக்கியம் இருந்தது. எல்லைப் பக்கத்து ஆட்கள் எதிர்த்துக் கேட்டதற்குத் தடயமே இல்லை, குறைந்த கூலியை வழக்கமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று. அந்த வாக்கியத்தை எழுதியவள் தாட்சாயணி.

இப்போது அவள் கையிலிருந்த மனுவோ இப்படிப் போயிற்று: “எங்கள் பாட்டன் பூட்டன் நாள் முதலாய் மரக்காலுக்குத் தலை குவித்தே கூலி நெல் வாங்கி வந்திருக்க, இந்த வருஷம் புதிதாய் வந்த காரியஸ்தர் பலகை போட்டுத் தலைதட்டி அளக்கிறபடியால், பதினோரு நாளாய் அறுப்புக்கு இறங்காமல் இருக்கிறோம். கதிர் வயலிலே கொட்டிப்போவது எங்களுக்கும் சம்மதமில்லை. வழக்கப்படி அளக்க உத்தரவாக வேணும்.” கீழே இருபத்து மூன்று கைரேகைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மனு எழுதிக் கொடுத்தவன் அவரவர் பெயரைப் போட்டிருந்தான். ஒன்பது பேர் பெண்கள்.

பண்ணையின் பெயர் அவள் பதிவேட்டில் பார்த்த அதே பெயர்.

படித்ததும் அவளுக்குக் காது சூடாயிற்று. மரக்கால் என்பது ஒரு முகத்தல் அளவு, அவ்வளவுதான். விளிம்போடு விளிம்பாகப் பலகையால் வழித்து அளந்தால் ஒரு அளவு. விளிம்புக்கு மேலே நெல் கூம்பாக நிற்கிற மாதிரி குவித்து அளந்தால் இன்னொரு அளவு. பதிவேட்டில் இரண்டையும் ‘ஒரு மரக்கால்’ என்றுதான் எழுதுவார்கள். புத்தலப்பட்டுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில், தலைதட்டிய அளவு என்று தெலுங்கில் ஒரு குறிப்பு இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. பாலசமுத்திரத்துப் பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லை. இங்கே சொன்னது அங்கேயும்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததாக ஞாபகம் இல்லை.

ஸ்ரீஹரி வந்து, கட்டு மாறிப்போயிற்று மேடம், இதோ மழையை எடுத்து வருகிறேன் என்றான். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்து, மனுவை இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டாள்.

திருப்பதி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. புத்தலப்பட்டு தாண்டும்போது அவள் யோசித்துக்கொண்டிருந்தது அட்டவணையைப் பற்றி அல்ல, அந்த வாக்கியத்தைப் பற்றி. நம்ம பக்கத்து ஆளுங்க வாயே திறக்க மாட்டாங்க என்று அவள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா சொல்வார். அறுப்பு நாளில் வரப்பில் நின்றுகொண்டு பெருமையாகச் சொல்வார். அதையேதான் அவள் நல்ல ஆங்கிலத்தில், அடிக்குறிப்போடு எழுதியிருக்கிறாள். இது புரிந்தபோது அவளுக்குக் கணக்குத் தப்பானதைவிட அதிகமாகக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலையில் பேராசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மனுவின் படத்தை மூன்று தடவை படித்தார். அவர் எழுதிய புத்தகம் அப்போது அச்சகத்தில் இருந்தது. முப்பது வருஷ உழைப்பு. அதில் நான்காம் அத்தியாயம் முழுக்க அந்த அட்டவணைமேல் நின்றது. பிழை திருத்திய படிகள் பத்து நாளில் அச்சகத்துக்குப் போக வேண்டும். அதே மாதம் இருபத்து நான்காம் தேதி வேறொன்று இருந்தது. நிரந்தர உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணல். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அப்படி ஒரு பணியிடம் வந்திருந்தது. தாட்சாயணி விண்ணப்பத்தில் முதலில் காட்டியிருந்தது அந்தக் கட்டுரையைத்தான்.

மனு ஒரு தரப்பின் பேச்சு என்றார் பேராசிரியர். மனுதாரர்கள் சொல்வதெல்லாம் வழக்கம் ஆகிவிடாது, கேட்டது கிடைத்ததா என்பதும் தெரியாது. அது நியாயமான பேச்சு என்று அவளுக்கும் தெரியும். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“நேர்காணல் முடியட்டும் தாட்சாயணி. பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பறதை அப்புறம் பார்த்துக்கலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் தன் புத்தகத்துக்காக அப்படிச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும். உண்மையாகவே அவளுக்காகத்தான் சொன்னார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து, நாள் முழுக்க எதையும் உருப்படியாகச் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கணவன் சம்பத் ஸ்ரீசிட்டியில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். கம்பெனி பஸ்ஸில் தினமும் தடா வரைக்கும் போய்த் திரும்புகிறவன். சாயங்காலம் அவன் வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் அவள் சொன்னாள். வரலாறு அவனுக்கு அவ்வளவாகப் பிடிபடாது. மரக்கால் விஷயம் மட்டும் உடனே பிடிபட்டது. அவன் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னான்.

“எங்க லைன்ல அளவு பாக்கற கேஜ் தப்புன்னு தெரிஞ்சா, அன்னிக்கு வெளிய போன சரக்கு பூரா திரும்பி வந்தாவணும். லாரி தடா தாண்டிப் போய்க்கினு இருந்தாலும் நிறுத்துவாங்க. இன்னிக்கு வாணாம் நாளைக்குப் பாத்துக்கலாம்னு யாரும் சொல்லமாட்டாங்க.”

வேலை போனால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அவன் மறைக்காமல், தெரியலையே என்றான்.

மறுநாள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். முதலில் எவ்வளவு தப்பு என்று தெரிய வேண்டும். பதிவேடுகளோடு பாலசமுத்திரத்துப் பண்ணை வீட்டார் கொடுத்த மரக்கால் ஒன்று மையத்தின் கண்ணாடி அலமாரியில் இருந்தது. மரத்தால் ஆனது, இரும்புப் பட்டை போட்டது, குட்டையாக, அகலமான வாயோடு. வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவதற்காக வைத்திருந்தார்கள். அதில் ஒருமுறையாவது நெல்லை அளந்து பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை.

நெல்லுக்கு பிரமிளாவிடம் சொன்னாள். பிரமிளா மையத்தைக் கூட்டித் துடைத்து, கோப்பு எடுத்துக் கொடுத்து, தபால் கொண்டுபோகிற உதவியாளர். நாற்பத்தைந்து வயது இருக்கும். புத்தலப்பட்டில் தம்பி வீட்டிலிருந்து ஒரு மூட்டை மோட்டா ரக நெல்லை பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்தாள். வேதியியல் துறையிலிருந்து எலெக்ட்ரானிக் தராசு இரவல் வந்தது. நடு அறையின் பெரிய மேசையைக் காலி செய்து தார்ப்பாய் விரித்தார்கள்.

தலைதட்டி அளந்தால் மூன்று கிலோ நானூற்று எண்பது கிராம். பத்துத் தடவை அளந்தாலும் பத்து, பதினைந்து கிராம்தான் வித்தியாசம். அடுத்து குவித்து அளக்க வேண்டும். தாட்சாயணி அளந்தால் நெல் ஒரு பக்கம் சரிந்தது. விவசாயக் குடும்பத்தில் பிறந்திருந்தாலும் அவள் அளந்ததில்லை, அளப்பதைப் பார்த்தவள்தான். பிரமிளா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளை நகரச் சொன்னாள். கிட்ட உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாரி, விரல் நுனியில் மெல்ல விட்டுவிட்டு ஏற்றினாள். கூம்பு நிமிர்ந்து நின்றது. நான்கு கிலோ நூற்று நாற்பது. முப்பது தடவை அளந்து சராசரி போட்டபோதும் அதை ஒட்டியேதான் வந்தது. நூற்றுக்குப் பத்தொன்பது அதிகம். அதை அட்டவணையில் போட்டுப் பார்த்தாள். இருபத்திரண்டு என்று இருந்த குறைவு ஏழாகச் சுருங்கியது.

பேராசிரியர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. உள்ளே வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தார்ப்பாயில் உட்கார்ந்து தானே அளந்தார். அவர் கைக்குக் கூம்பு தங்கவில்லை. மூன்று கிலோ எண்ணூற்று அறுபது. மறுபடி அளந்தார், அதே அளவு.

“என் கைக்குப் பதினொண்ணு. பிரமிளா கைக்குப் பத்தொன்பது. அன்னிக்கு அளந்தது யார் கை? பண்ணை ஆளோட கைன்னா பேருக்குக் கொஞ்சம் குவிச்சிட்டு எழுந்து போயிருப்பான். அது தெரியாம எந்த நம்பரை நீ போடுவே?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கும் கோபம் வரவில்லை. நல்ல கேள்வி. கேள்விக்குப் பதில் இருந்தால் அது சித்தூரில்தான் இருக்கும்.

அடுத்த வாரம் மூன்று நாள் காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து அவள் சித்தூருக்குப் போனாள். மனுவுக்குப் பதில் என்று ஒன்று போயிருந்தால், அதன் நகல் எங்கேயாவது இருக்க வேண்டும். மனு பிப்ரவரியில் வந்தது. பிப்ரவரி, மார்ச் கட்டுகளில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் ஒன்றும் இல்லை. மூக்கெல்லாம் தூசி, தும்மல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் ஸ்ரீஹரி ஒரு யோசனை சொன்னான். அந்தக் காலத்தில் மனு வந்த தேதியில் வைக்க மாட்டார்கள் மேடம், விசாரணை முடிந்து கோப்பை மூடின தேதியில்தான் வைப்பார்கள் என்று. மூடின தேதி யாருக்குத் தெரியும்? ஏப்ரல், மே, ஜூன் என்று அவனே ஒவ்வொரு கட்டாக இறக்கினான். அவன் சாப்பாட்டு நேரம் அதிலேயே போயிற்று.

ஜூலைக் கட்டில் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம், கீழே தெலுங்கில் சுருக்கம். ஒரு அதிகாரி நேரில் போய் விசாரித்திருக்கிறார். குவித்து அளப்பதே பழைய வழக்கம் என்று அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். அறுப்பு பதினான்காம் நாள் மறுபடி தொடங்கியது. இரு தரப்பும் சம்மதித்தபடி இனி வழக்கம்போலக் குவித்தே அளப்பது. கடைசி வரியை அவள் விரல் வைத்துப் படித்தாள். அளக்கும் ஆள் முன்போலவே கூலியாட்களில் ஒருவராகவே இருக்க வேண்டும்.

ஸ்ரீஹரி கிடைத்ததா என்று தெலுங்கில் கேட்டான். கிடைத்தது என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். அவள் மனுவில் இருந்த இருபத்து மூன்று பெயரையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் பேராசிரியர் அந்த உத்தரவைப் படித்தார். ஒருதரம் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு அவள் எதிரிலேயே அச்சகத்துக்குப் போன் போட்டார். நாலாம் அத்தியாயம் மாறுகிறது, புத்தகத்தை நிறுத்துங்கள் என்று தெலுங்கில் சொன்னார். எத்தனை நாள் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். தெரியாது என்றார். தான் பதவியில் இருக்கும்போதே புத்தகம் வெளிவர வேண்டும் என்று அவர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது மையத்தில் எல்லோருக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு, பத்திரிகைக்கு எழுத வேண்டியதை எழுது, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலாம் என்றார். நேர்காணல் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கடிதம் இருபதாம் தேதி போயிற்று.

இருபத்து நான்காம் தேதி நேர்காணலில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தன் ஆய்வைப் பற்றிச் சொல்லச் சொன்னதும், அவள் நான்காம் அட்டவணை தப்பு என்பதில் தொடங்கினாள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படியானால் நீங்கள் முதலில் காட்டியிருக்கிற கட்டுரையே தப்பா என்று கேட்டார்.

“ஆமா சார். எண் தப்பு, அதை வச்சுச் சொன்ன காரணமும் தப்பு. அவங்க எதிர்த்துக் கேட்டிருக்காங்க, கேட்டதை வாங்கியும் இருக்காங்க. நான் பார்க்காம விட்டுட்டேன்.”

அதற்குப் பிறகு இருபது நிமிஷம் கேள்வி மேல் கேள்வி. பழைய நெல்லுக்கும் இன்றைய நெல்லுக்கும் எடை ஒன்றா, ஒரே ஒரு மரக்காலை நம்பலாமா, மீதி ஏழு ஏன் என்றெல்லாம் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். வெளியே வந்தபோது நன்றாகத்தான் பேசினோம் என்று அவளுக்குத் தோன்றியது.

வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. கிரண்குமார் என்று அனந்தபூரிலிருந்து வந்த ஒருவருக்குக் கிடைத்தது. திருத்தக் கடிதம்தான் காரணமா, இல்லாவிட்டாலும் அவருக்கேதான் போயிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. தேர்வுப் பட்டியல் வந்த அன்று சம்பத் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். இரண்டு பேரும் படுக்கையில் சாய்ந்தபடி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாராவது கேட்டால் பரவாயில்லை என்றாள். பரவாயில்லை என்பது பொய். கட்டுரையை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வாரத்தில் பலமுறை நினைத்தாள். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மே மாதம் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டினார்கள். திருத்தம் பத்திரிகையில் அரைப் பக்கமாக வந்தது. பெங்களூரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் இரண்டு பேர், தங்கள் பதிவேடுகளிலும் இதே சந்தேகம் வந்துவிட்டது என்று மின்னஞ்சல் எழுதினார்கள். ஒருவர் எழுத்தில் கொஞ்சம் கோபம்கூடத் தெரிந்தது. நாலு வருஷ வேலையை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது என்று.

ஜூன் முப்பதாம் தேதி பேராசிரியர் ஓய்வு பெற்றார், புத்தகம் இல்லாமலே. விழாவில் மாலை போட்டார்கள், பேசினார்கள். அவர் பதிலுக்கு ஐந்து நிமிஷம்தான் பேசினார். எல்லோரும் போன பிறகு தாட்சாயணியைக் கூப்பிட்டு ஒரு கோப்பைக் கொடுத்தார். நான்காம் அத்தியாயம், பழைய படி. பாதிக்கு மேல் சிவப்பு மையால் அடித்திருந்தார். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை என்ற அந்த வாக்கியத்தையும் அடித்திருந்தார்.

“இதை நான் எழுதினா திருத்தம் மாதிரி இருக்கும். நீயே முதல்லேருந்து எழுது. உன் பேர்லயே போகட்டும். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.”

அவள் அதை வாங்கிக்கொண்டாள். எத்தனை பக்கம் இருக்கலாம் சார் என்று கேட்டாள். எத்தனை வேணுமோ அத்தனை என்றார் அவர்.

ஆகஸ்டில் எழுதத் தொடங்கினாள். பதின்மூன்று நாள் வேலைநிறுத்தத்தில் தொடங்குவதா, மரக்காலில் தொடங்குவதா என்று இரண்டு நாள் குழம்பி, கடைசியில் இருபத்து மூன்று பெயர்களை வரிசையாக எழுதித் தொடங்கினாள். நான்காவது பக்கத்தில் நின்றுபோயிற்று. அடுத்த வருஷமும் அப்படியே அளந்தார்களா, காரியஸ்தர் மறுபடி பலகையை எடுத்தாரா என்பது தெரியாமல் மேலே எழுத முடியவில்லை. ஸ்ரீஹரிக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வருகிறேன், 1927இல் கோப்பு மூடின தேதிப்படி கட்டுகளை எடுத்து வையுங்கள் என்றாள். அவன் சரி மேடம், ஆனால் அந்த அலமாரியில் எலி ஜாஸ்தி, பார்ப்போம் என்றான்.